வானொலி வழி வந்த குரல்: வில்லியம் அபர்ஹார்ட்டின் வாழ்வும் பணியும்

பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழ்வோருக்கு ஒரு குரலின் அருமை நன்கு தெரியும். மொழி வேறு, பழக்கம் வேறு என்றிருக்கும் ஊரில், மாலைப் பொழுதில் வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகும்போது, இரைச்சலுக்கு நடுவே நம் தாய்மொழியின் ஒலி கேட்டுவிட்டால் போதும். வீடு முழுவதும் மலர்ந்துவிடும். அடுப்பங்கரையில் இருந்தவரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பர். நம் காலனியின் மூத்தோர் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். குரலுக்கு உரியவரை நாம் கண்டதில்லை. ஆயினும் அவர் நம் வீட்டாருள் ஒருவராகிவிடுவார். அவர் சொல்வதை ஐயுற நமக்கு மனம் வருவதில்லை.

இவ்வாறு தம்மைக் காணாத மக்களின் நம்பிக்கையைத் தம் குரலினாலேயே பெற்றவர் ஒருவர் கனடா நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் வில்லியம் அபர்ஹார்ட். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து, கிறித்தவ வானொலிப் பிரசங்கியாராகப் புகழ் பெற்று, அந்தப் புகழினாலேயே ஒரு மாகாணத்தின் முதலமைச்சராகவும் ஆனவர். அவர் ஈட்டிய நம்பிக்கை எவ்வளவு பெரிது, அதனை அவர் எவ்வாறு செலவிட்டார் என்பதை எண்ணிப் பார்ப்பது நமக்கும் பயன் தரும். அதனால் அவர் வரலாற்றைச் சுருக்கமாக எழுதத் துணிந்தேன்.

இளமையும் கல்வியும்

அபர்ஹார்ட் 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், கனடாவின் கிழக்குப் பகுதியிலுள்ள ஒண்டாரியோ மாகாணத்தில், ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் ஜெர்மனியிலிருந்து இளம் வயதிலேயே வந்து குடியேறியவர். பண்ணை வேலையும் பள்ளிப் படிப்புமாக வளர்ந்த இவர் ஆசிரியர் பயிற்சி பெற்று, 1901-இல் பிராண்ட்ஃபோர்டு நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். அந்த நகரம் தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல் வாழ்ந்த ஊர் என்பது குறிப்பிடத்தக்கது. மனிதக் குரலைத் தொலைவுக்கு அனுப்பும் கருவியின் எண்ணம் உருவான ஊரிலேயே, பின்னாளில் தம் குரலைத் தொலைவுக்கு அனுப்பிப் பெயர் பெற்றவர் தம் பணியைத் தொடங்கினார்.

1902-இல் ஜெஸ்ஸி பிளாட் என்னும் அம்மையாரை மணந்தார். இரண்டு பெண் மக்கள் பிறந்தனர். கிறித்தவத் திருச்சபையில் குருவாக வேண்டும் என்னும் ஆவல் அவருக்கு இளமை முதலே இருந்தது. ஆனால் மனைவி மக்களைக் காக்கும் பொறுப்புடையவருக்கு, சம்பளத்தை விட்டுவிட்டு நெடுங்காலம் குருமடத்தில் படிக்க வழி கிட்டவில்லை. எனினும் அவர் சோர்ந்து இருந்துவிடவில்லை. பகலில் பள்ளி வேலை, இரவில் பாடம் என்று உழைத்து, கிங்ஸ்டனிலுள்ள குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியாகவே பயின்று 1911-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். வேலை பார்த்துக்கொண்டே தேர்வுக்குப் படித்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அந்த அருமை அவர்களுக்குத் தெரியும்.

மேற்கே புதிய ஊர்

1910-இல் அபர்ஹார்ட் மேற்கே ஆல்பர்ட்டா மாகாணத்திலுள்ள கால்கரி நகருக்குப் பள்ளித் தலைமையாசிரியராகச் சென்றார். அந்நாளில் ஆல்பர்ட்டா மிகவும் இளைய மாகாணம்; அமைந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. கால்கரிக்குக் கனடியப் பசிபிக் ரயில்பாதை 1883-இல் வந்தது. பாதையோடு மக்களும் வந்தனர். ஒண்டாரியோவிலிருந்தும், அமெரிக்காவிலிருந்தும், உக்ரேன், ஜெர்மனி, ஸ்காண்டிநேவியா முதலிய நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் அரசு அளித்த 160 ஏக்கர் நிலத்தில் குடிசை போட்டுக் கோதுமை விளைவித்தனர். நம் நாட்டுக் கிராமத்தைப் போல அங்கே வீடுகள் சேர்ந்திருப்பதில்லை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஒரு மைல் வெட்டவெளி இருக்கும். குளிர்காலத்தில் நீர் உறையும் நிலைக்கும் 30 பாகை கீழே குளிர் இறங்கும். பனி மூடிய வீட்டில் பல நாட்கள் அயலார் முகத்தைக் காணாமலே இருக்க நேரிடும். இந்தத் தனிமையை மனத்தில் கொண்டால்தான் பின்னர் நடந்தவை விளங்கும்.

1915 முதல் இருபது ஆண்டுகள் அபர்ஹார்ட் கால்கரியின் கிரெசெண்ட் ஹைட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார். கனத்த உடல், வழுக்கைத் தலை, மூக்குக் கண்ணாடி, அரங்கின் கடைசி வரிசைக்கும் எட்டும் கணீரென்ற குரல்: இவையே அவர் தோற்றம். ஒழுங்கில் கண்டிப்பானவர், கால அட்டவணை வகுப்பதிலும் வேலையைப் பகிர்ந்து கொடுப்பதிலும் வல்லவர். கடினமான பாடத்தையும் படிப்படியாகப் பிரித்து, எளிய மாணவனுக்கும் விளங்கச் சொல்வார். இந்த ஆற்றலே அவர் வாழ்க்கையின் பெரிய முதலாகும்.

வானொலிப் பிரசங்கம்

பள்ளி வேலை வார நாட்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை திருமறைக்கு. வெஸ்ட்போர்ன் பாப்டிஸ்ட் சபையில் அவர் நடத்திய விவிலிய வகுப்புக்கு வந்தோர் தொகை நாளுக்கு நாள் பெருகியது. கோயிலில் இடம் போதாமல் வகுப்பு நாடக அரங்குகளுக்கு மாறிற்று. திருமறையின் தீர்க்கதரிசனப் பகுதிகளை விளக்குவதில் அவருக்குத் தனி விருப்பம். உலக வரலாற்றின் காலங்களைப் படமாக எழுதி மாட்டி, ஆசிரியர் கரும்பலகையில் காட்டுவதுபோலக் காட்டி விளக்குவார்.

1925-ஆம் ஆண்டு நவம்பரில், கால்கரியின் பாலஸ் தியேட்டரில் அவர் நிகழ்த்திய ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு சி.எஃப்.சி.என். என்னும் வானொலி நிலையத்தின் வழியாக முதன்முறை ஒலிபரப்பாயிற்று. அரங்கில் இருந்தவர்கள் ஓரளவினரே. வானொலியில் கேட்டவர்களோ எண்ணற்றவர். அன்று முதல் அபர்ஹார்ட்டின் வாழ்வு வேறு திசையில் திரும்பியது.

அக்காலத்துப் பண்ணை வீடுகளில் மின்சாரம் இல்லை. பாட்டரியில் இயங்கும் பெட்டிகளையே மக்கள் வைத்திருந்தனர். பாட்டரி தீர்ந்துவிடும் என்று அஞ்சி, வாரம் முழுவதும் பெட்டியைத் தொடாமல் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் இருந்தன. கோயிலுக்குப் போக வழியில்லாத வீட்டிற்கு இப்போது கோயிலே வந்தது. அபர்ஹார்ட் பேச்சோடு நிற்கவில்லை. வானொலி ஞாயிறுப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, அச்சிட்ட பாடங்களை அஞ்சலில் அனுப்பினார். தொலைவிலுள்ள ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் எழுதி அனுப்பினர். அவை திருத்தப்பட்டுத் திரும்பிச் சென்றன. கேட்போர் கடிதம் எழுதினர். கடிதத்தோடு தம்மால் இயன்ற காசையும் வைத்து அனுப்பினர். வானொலி நிலையத்திற்குக் கட்டணம் அந்தச் சிறு தொகைகளால் ஆயிற்று.

1927-இல் மக்களின் நன்கொடையால் கால்கரியில் தீர்க்கதரிசன விவிலியப் பயிற்சிக் கழகம் என்னும் நிலையம் எழுந்தது. வகுப்பறைகளும் பெரிய மண்டபமும் உடைய அந்தக் கட்டடத்திலிருந்தே பின்னர் வாராவாரம் ஒலிபரப்பு நடந்தது. அதன் முதல் மாணவர் வந்த வரலாறு சுவையானது. அண்டை மாகாணமாகிய சஸ்காட்சவானில், ரோஸ்டவுன் என்னும் ஊரின் அருகே, ஓர் உழவர் வீட்டு இளைஞர் வானொலியில் அபர்ஹார்ட்டின் பேச்சைக் கேட்டார். கேட்டு மனம் மாறி, வீட்டை விட்டுக் கால்கரிக்குப் புறப்பட்டு வந்து மாணவராகச் சேர்ந்தார். அபர்ஹார்ட் இல்லத்திலேயே தங்கி, மகனைப் போல வளர்ந்தார். அவரே எர்னஸ்ட் மானிங். இவரைப் பற்றிப் பின்னரும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வறுமை வந்த காலம்

1929-இல் உலகெங்கும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. அதன் அடி ஆல்பர்ட்டாவின் கோதுமை உழவர்மீது இடிபோல் விழுந்தது. ஒரு டாலருக்கு மேல் விற்ற ஒரு புஷல் கோதுமை, 1932 இறுதியில் 40 சென்டுக்கும் கீழே இறங்கிற்று. விளைவித்ததை ரயிலேற்றி அனுப்பும் கூலிக்கே விலை சரியாய்ப் போயிற்று. அதனோடு மழையும் பொய்த்தது. காற்று மேல்மண்ணைப் புழுதியாக வாரிச் சென்றது. மோட்டார் கார் வைத்திருந்த உழவர்கள் பெட்ரோலுக்குக் காசின்றி, எஞ்சினைக் கழற்றிவிட்டு, காருக்குக் குதிரை பூட்டி ஓட்டினர். அந்த வண்டிக்கு அந்நாளையப் பிரதமர் பென்னட்டின் பெயரையே சூட்டிக் கேலி செய்தனர். வங்கிகள் கடனைக் கேட்டன. நிலம் பறிபோகுமோ என்னும் அச்சம் வீடுதோறும் புகுந்தது.

தம் பள்ளியில் தேறிச் சென்ற இளைஞர்கள் வேலையின்றி அலைவதை அபர்ஹார்ட் கண்ணாரக் கண்டார். களத்தில் கோதுமை குவிந்து கிடக்கிறது. ஊரில் பசியும் இருக்கிறது. இஃது ஏன் என்னும் வினா அவரை வாட்டியது. 1932-ஆம் ஆண்டுக் கோடையில், தேர்வுத் தாள்களைத் திருத்துவதற்காக எட்மண்டன் நகருக்குச் சென்றிருந்தபோது, சார்லஸ் ஸ்கார்பரோ என்னும் உடன் ஆசிரியர் அவர் கையில் ஒரு நூலைக் கொடுத்தார். மாரிஸ் கோல்போர்ன் என்பவர் எழுதிய அந்நூல், மேஜர் டக்ளஸ் என்னும் ஆங்கிலேய எஞ்சினியரின் பொருளாதாரக் கொள்கையை எளிதாக விளக்குவது. அபர்ஹார்ட் அதனை ஒரே இரவில் படித்து முடித்தார் என்று கூறுவர்.

அந்தக் கொள்கைக்குச் சமுதாயக் கடன் முறை என்று பெயர் கூறலாம். ஒரு தொழிற்சாலை தொழிலாளருக்குக் கூலியும் பங்குதாரருக்கு ஆதாயமும் தருகிறது. ஆனால் அது செய்யும் பண்டத்தின் விலையில், இவற்றோடு மூலப்பொருள், இயந்திரத் தேய்வு, வங்கி வட்டி முதலியனவும் சேர்கின்றன. ஆகவே மக்கள் கையில் வரும் பணம் பண்டங்களின் மொத்த விலைக்கு எப்போதும் குறைவாகவே இருக்கும். அந்தக் குறையை அரசு மக்களுக்கு நேரே பங்காக வழங்கி நிரப்ப வேண்டும். டக்ளஸ் கூறியதன் சாரம் இதுவே. பொருளாதார அறிஞர் பெரும்பாலோர் இதனை ஏற்கவில்லை. இயந்திரத்துக்கும் மூலப்பொருளுக்கும் கொடுத்த பணமும் எங்கோ ஒருவருக்குக் கூலியாகச் சென்றதுதானே என்று அவர்கள் மறுத்தனர். அபர்ஹார்ட் நம்பினார். அவர் நேர்மையாகவே நம்பினார் என்பதில் ஐயமில்லை.

பிரசங்க மேடையில் அரசியல்

அது முதல் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் திருமறையோடு இந்தக் கொள்கையும் கலந்து வந்தது. வானவர் அரசைப் பற்றிச் சொன்ன குரலே மாதந்தோறும் வரப்போகும் பணத்தைப் பற்றியும் சொல்லிற்று. வயது வந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டாலர் அரசின் பங்காகக் கிடைக்கும் என்பதே அந்தச் செய்தி. குடும்பத் தலைவர் ஒருவருக்கு அந்நாளில் அரசு அளித்த வறுமை உதவியோடு ஒப்பிட்டால், கணவனும் மனைவியும் சேர்ந்து பெறக்கூடிய 50 டாலர் செல்வம் போன்றது.

அவர் அதனை விளக்கிய முறையிலும் ஆசிரியரின் கைவண்ணம் இருந்தது. செவ்வாய்க் கிரகத்திலிருந்து ஒருவன் ஆல்பர்ட்டாவுக்கு வருவதாக வானொலி நாடகம் அமைத்தார். பண்டம் நிறைந்த நாட்டில் மக்கள் பட்டினி கிடப்பது ஏன் என்று அந்த விருந்தாளி கள்ளமின்றிக் கேட்பான். விடை சொல்ல முடியாமல் பெரிய மனிதர்கள் விழிப்பார்கள். கேட்ட குடும்பங்கள் சிரித்தன, சிந்தித்தன. ஊர்தோறும் நூற்றுக்கணக்கான படிப்பு வட்டங்கள் தோன்றின. அபர்ஹார்ட்டும் மானிங்கும் கோடை விடுமுறையில் சிற்றூர்களுக்கெல்லாம் சென்று பேசினர். திருமறைக்காக மட்டும் கேட்டு வந்த சிலர், இது பிரசங்க மேடைக்கு ஏற்றதன்று என்று வருந்தி விலகினர். விலகியவரினும் வந்து சேர்ந்தவரே பலராயினர்.

அப்போது ஆண்டுகொண்டிருந்தது உழவர் கட்சி. அதன் முதலமைச்சர் பிரௌன்லீ 1934-இல் ஒரு வழக்கின் விளைவாகப் பதவி விலகினார். ஆளுங்கட்சி அபர்ஹார்ட்டின் கொள்கையை ஏற்க மறுத்தது. எனவே அவர் தாமே கட்சி அமைத்துத் தேர்தலில் இறங்கினார். 1935-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் தேர்தல் நடந்தது. சட்டமன்றத்தின் 63 இடங்களில் 56 இடங்களை அவர் கட்சி வென்றது. ஆளுங்கட்சிக்கு ஓர் இடமும் கிட்டவில்லை. வென்றவருட் பலர் அரசியலே அறியாத ஆசிரியர்கள், உழவர்கள், போதகர்கள். அபர்ஹார்ட் தாமே எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை. பின்னர் ஓர் உறுப்பினர் விலகி இடம் தந்ததால் போட்டியின்றிச் சட்டமன்றம் புகுந்தார். செப்டம்பர் 3-ஆம் நாள் முதலமைச்சராகப் பதவியேற்றார். கல்வித் துறையையும் தாமே ஏற்றார். மானிங் 26 வயதிலேயே அமைச்சரானார்.

தேர்தலுக்கு மறுநாளே, தமக்குரிய 25 டாலரைப் பெறலாம் என்று சிலர் கால்கரி நகர மன்றத்துக்கு வந்துவிட்டார்கள் என்று சொல்வர். நகைப்பதற்குரிய கதையன்று இது. வானொலிக் குரலை அவர்கள் எவ்வளவு உண்மையாக நம்பினார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கொடுத்த வாக்கும் கையிருப்பும்

புதிய முதலமைச்சர் மாகாணத்தின் கணக்கேட்டைத் திறந்து பார்த்தார். கருவூலம் ஏறத்தாழ வெறுமையாக இருந்தது. வாக்கை நிறைவேற்றப் பதினெட்டு மாதம் தவணை கேட்டார். 1936 ஏப்ரலில், தவணை வந்த கடன் பத்திரங்களுக்கு மாகாண அரசால் பணம் தர இயலவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் வளமைச் சான்றிதழ்கள் என்னும் ஒரு வகைத் தாள்களை அரசு வெளியிட்டது. ஒரு டாலர் மதிப்புள்ள தாளில் வாரந்தோறும் ஒரு சென்டுக்கு வில்லை ஒட்ட வேண்டும். 104 வாரம் ஒட்டியபின் அரசு அதற்கு மெய்யான ஒரு டாலர் தரும். வில்லை ஒட்டும் நாள் வருமுன் தாளைக் கைமாற்றிவிட எல்லோரும் விரைவார்கள். வாணிபம் பெருகும் என்பது கருத்து. ஆனால் கடைக்காரர் பலர் வாங்க மறுத்தனர். அரசே சில கட்டணங்களுக்கு அதனை ஏற்கவில்லை. தான் கொடுத்த தாளைத் தானே வாங்காத அரசை யார் நம்புவர்? சில மாதங்களில் அந்த முயற்சி மறைந்தது. பங்குத் தொகை பெறுவதற்கென்று மக்கள் பதிவுப் படிவங்களில் வரிசையாக நின்று கையெழுத்திட்டிருந்தனர். அந்தத் தொகையும் வரவில்லை.

1937-இல் அவர் கட்சி உறுப்பினர்களே வாக்கு எங்கே என்று கேட்டுச் சட்டமன்றத்தில் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை அமைதிப்படுத்த வங்கிகளை மாகாண ஆட்சிக்குக் கீழ்க் கொண்டுவரும் சட்டங்களை அபர்ஹார்ட் நிறைவேற்றினார். கனடிய அரசமைப்பின்படி நாணயமும் வங்கியும் நடுவண் அரசுக்கே உரியவை. ஆகையால் அச்சட்டங்கள் தள்ளப்பட்டன.

இந்த நெருக்கடியில் அவர் இரண்டு தவறுகளைச் செய்தார். அவற்றை மறைப்பது வரலாறாகாது. முதலாவது, உறுப்பினர்களை மக்களே திரும்பப் பெறலாம் என்று அவர் ஆட்சி 1936-இல் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. மறு ஆண்டு அவர் தொகுதி மக்களே அவரைத் திரும்பப் பெறக் கையெழுத்துத் திரட்டினர். உடனே அந்தச் சட்டமே பின்தேதியிட்டு நீக்கப்பட்டது. இரண்டாவது, செய்தித்தாள்கள் அரசு தரும் விளக்கத்தை வெளியிட வேண்டும், செய்தி தந்தவர் பெயரைக் கூற வேண்டும் என்று 1937-இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். மாகாண ஆளுநர் அதற்கு ஒப்புதல் தராமல் நிறுத்தி வைத்தார். 1938-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதனை எதிர்த்துப் போராடிய எட்மண்டன் ஜர்னல் என்னும் செய்தித்தாளுக்கு அமெரிக்கப் புலிட்சர் பரிசுக் குழுவினர் அதே ஆண்டில் சிறப்பு விருது அளித்தனர்.

தம் குரல் தடையின்றி எல்லோர் வீட்டுக்கும் செல்ல வேண்டும் என்று விரும்பியவர், தம்மை மறுத்துப் பேசும் குரலைப் பொறுக்கவில்லை. வானொலியில் பேசுவோர் காதால் கேட்பதற்கு வாய்ப்பில்லை. பெட்டிக்கு அப்பால் இருப்பவர் இடைமறித்து வினவ முடியாது. பத்தாண்டுகள் அவ்வாறு பேசிப் பழகியவருக்கு, எதிரே அமர்ந்து வினவுவோர் பகைவராகத் தோன்றினர் போலும்.

நிலைத்த பணிகள்

எனினும் அவர் ஆட்சியில் நன்மை விளையவில்லை என்று கூறுவது அறமாகாது. ஆல்பர்ட்டாவில் ஒரே ஆசிரியர் உள்ள சிறு பள்ளிகள் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடந்தன. ஆசிரியருக்குச் சம்பளம் தரவும் வழியற்ற அந்தச் சிறு வட்டாரங்களை ஒன்று சேர்த்துப் பெரிய பள்ளிக் கோட்டங்களாக்கினார். உயர்நிலைக் கல்வி கிராமத்துப் பிள்ளைகளுக்கும் எட்டிற்று. இந்த ஒன்றில் அவர் தாம் நன்கறிந்த துறையில் நின்று செய்தார், அது நிலைத்தது. கடனுக்காக உழவர் வீடும் நிலமும் பறிபோகாதவாறு காக்கச் சட்டங்கள் இயற்றினார். அவற்றுட் பல நீதிமன்றத்தில் நிற்கவில்லையென்றாலும், கெட்ட ஆண்டுகளைக் கடப்பதற்கு அவை உழவருக்கு அவகாசம் தந்தன. 1938-இல் அரசுக் கருவூலக் கிளைகள் என்று அவர் தொடங்கிய நிலையம் இன்றும் அம்மாகாணத்தில் வங்கியாக நடந்து வருகிறது.

முதலமைச்சரான பின்னரும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை அவர் விடவில்லை. தலைநகராகிய எட்மண்டனுக்கும் கால்கரிக்கும் இடையே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். வாரமெல்லாம் ஆட்சிப் பணி பார்த்துவிட்டு, ஞாயிறன்று கால்கரி மண்டபத்தில் ஒலிபெருக்கியின் முன் நிற்பார். 1940 தேர்தலில் இடங்கள் குறைந்தன; ஆயினும் 57 இடங்களில் 36 பெற்று மீண்டும் ஆட்சி அமைத்தார். 25 டாலர் கிட்டாத மக்கள் மறுபடியும் அவரையே ஏன் தேர்ந்தெடுத்தனர்? எல்லோரும் தங்களை மறந்திருந்த காலத்தில் வாராவாரம் வந்து பேசியவர் அவர் ஒருவரே. அந்த நன்றியை அவர்கள் மறக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

1941-இல் ஆல்பர்ட்டாப் பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்புப் பட்டம் அளிப்பதாக இருந்தது. கடைசி நேரத்தில் பல்கலைக்கழக ஆட்சி மன்றம் அதனை மறுத்து வாக்களித்தது. அஞ்சலில் படித்து இரவெல்லாம் விழித்துப் பட்டம் பெற்ற பழைய ஆசிரியருக்கு இது பெரிய மனப்புண்ணாக இருந்திருக்கும். பல்கலைக்கழகத் தலைவர் அந்நிகழ்ச்சியால் பதவி விலகினார்.

இறுதியும் அதன் பின்னும்

உடல்நலம் குன்றிய அபர்ஹார்ட் தம் பெண் மக்களைக் காண வாங்கூவர் நகருக்குச் சென்றிருந்தபோது, 1943-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் அங்கேயே காலமானார். அவர் உடல் அந்நகரை அடுத்த பர்னபியில் அடக்கம் செய்யப்பட்டது.

வானொலி கேட்டு வீட்டை விட்டு வந்த மானிங், அவருக்குப் பின் முதலமைச்சராகி 1968 வரை 25 ஆண்டுகள் ஆண்டார். ஞாயிற்றுக்கிழமை வானொலிப் பிரசங்கத்தையும் தொடர்ந்து நடத்தினார். ஆனால் குருவின் பொருளாதாரக் கொள்கையை மெல்ல ஒதுக்கி வைத்துவிட்டு, சிக்கனமான வழக்கமான ஆட்சியையே நடத்தினார். 1947-இல் எட்மண்டனுக்கு அருகே லெடூக் என்னுமிடத்தில் பூமிக்கடியில் எண்ணெய் கிடைத்தது. மாகாணம் செல்வம் கொழித்தது. 1957-இல் அந்த எண்ணெய் வருவாயிலிருந்து தகுதியுள்ள மக்களுக்கு ஆளுக்கு 20 டாலரும், மறு ஆண்டு பதினேழரை டாலரும் மானிங் அரசு பங்காக வழங்கிற்று. மாதம் 25 என்று 1935-இல் சொன்னது, இருபதாண்டு கழித்து, ஆண்டுக்கு ஒரு முறை, அதனினும் குறைந்த தொகையாக, இரண்டு முறை மட்டும் வந்தது. வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து அந்த வாக்கைக் கேட்ட முதியோருட் பலர் அப்போது உயிரோடு இல்லை.

நாம் அறியத் தக்கது

அபர்ஹார்ட்டை ஏமாற்றுக்காரர் என்று சிலர் இகழ்வர்; ஏழைகளின் நண்பர் என்று சிலர் போற்றுவர். இரண்டும் முழு உண்மையல்ல. அவர் பணத்துக்கு ஆசைப்பட்டவரல்லர். துன்புறும் மக்களைக் கண்டு உள்ளம் உருகியவர். ஆனால் தாம் பெற்ற நம்பிக்கையின் அளவை அவர் எண்ணினாரே தவிர, அதன் பொறுப்பை எண்ணவில்லை. திருமறை விளக்கத்தில் அவரை நம்பியவர்கள், அதே மூச்சில் அவர் சொன்ன கணக்கையும் நம்பினர். கணக்கோ நம்பிக்கையால் நிற்பதன்று. கூட்டிப் பார்த்தால் சரியாக வர வேண்டும். வரவுப் பக்கம் எழுதாத தொகையைச் செலவுப் பக்கம் எழுத எந்த நல்ல மனத்தாலும் இயலாது. ஏடு எழுதிப் பிழைப்பவர்களுக்கு இது பாலபாடம்.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் அமைச்சு என்னும் அதிகாரத்தை அடுத்தே சொல்வன்மை என்னும் அதிகாரத்தை வைத்தார். ஆள்பவருக்குச் சொல்லாற்றல் இன்றியமையாதது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால் அதற்கு நெடுந்தொலைவு முன்னரே, அறத்துப்பாலில், வாய்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்துவிட்டார். முதலில் வாய்மை; அதன் பின்னரே சொல்வன்மை. அபர்ஹார்ட்டுக்குச் சொல்வன்மை நிரம்ப இருந்தது. வாய்மையும் அவர் உள்ளத்தில் இருந்தது. ஆனால் வாய்மை என்பது உள்ளத்தில் இருந்தால் மட்டும் போதாது; சொன்ன சொல் நிறைவேறுமா என்று சொல்லுமுன் ஆராய்வதும் வாய்மையேயாகும்.

இன்று குரல்கள் நம் வீட்டுக்குள் வர வானொலிப் பெட்டியும் வேண்டியதில்லை. சட்டைப் பையில் உள்ள கைப்பேசி வழியாகவே நூறு குரல்கள் நாள்தோறும் வருகின்றன. ஆறுதல் சொல்லும் குரலும் உண்டு. ஆசை காட்டும் குரலும் உண்டு. இரண்டும் ஒரே குரலாய் வருவதும் உண்டு. ஊரையும் உறவையும் விட்டு வந்து வாழும் நாம், நம் மொழியில் அன்பாகப் பேசும் குரலுக்கு எளிதில் மனம் நெகிழ்ந்துவிடுகிறோம். நெகிழ்வது குற்றமன்று. ஆறுதலை நன்றியோடு பெற்றுக்கொள்வோம். கணக்கை மட்டும் நாமே ஒரு முறை கூட்டிப் பார்ப்போம். பனி மூடிய பண்ணை வீடுகளில் காத்திருந்த அந்த எளிய மக்களின் வாழ்க்கை நமக்குக் கற்பிப்பது இதுவே.